கரைக்கு யார் பொறுப்பு? நீரோடு நடந்த அண்ணலின் வாழ்வு

கார்த்திகை மாதம் வந்தால் வேங்கிக்காலில் நமக்கு இரண்டு கவலைகள். ஒன்று தீபத்துக்கு வரும் கூட்டம். இன்னொன்று ஏரி. மலையிலும் அதைச் சுற்றிலும் பெய்யும் மழை வரத்துக்கால்களில் இறங்கி ஏரிகளுக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் மகிழ்ச்சி. நிரம்பிய பிறகும் மழை விடாவிட்டால் மகிழ்ச்சி போய்ப் பயம் வந்துவிடும். கோடி ஒழுங்காகப் போகிறதா, கரையில் எங்காவது கசிவு உண்டா, தாழ்வான தெருவுக்குள் தண்ணீர் புகுமா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

நம் ஊர்களில் நெடுங்காலமாக இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. சேரியிலிருந்து ஆள் போவார். மண்வெட்டியும் கூடையும் அவர்கள் கையில் இருக்கும். கரைக்குக் கீழே உள்ள நிலம் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வரும் நாள் அது. அன்றைக்கு நாம் சிலைக்கு மாலை போடுகிறோம். அரசியல் சட்டம், இடஒதுக்கீடு, பௌத்தம் பற்றிப் பேசுகிறோம். இந்த நாட்டின் நீர்ப்பாசனமும் வெள்ளத் தடுப்பும் ஒரு காலத்தில் அவர் மேசையில் இருந்தன என்பதை அதிகம் பேசுவதில்லை. கரை யார் பொறுப்பு, செலவு யாருடையது, வேலை யார் தலையில் விழுகிறது என்ற கேள்விகள் அவர் வாழ்நாள் முழுக்க அவரைத் தொடர்ந்து வந்தன. இந்த வாரம் அந்தக் கோணத்தில் அவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஏரி வெட்டும் இடத்துக்குப் போன சிறுவன்

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் பணியாற்றியவர். குடும்பம் மகர் சாதியைச் சேர்ந்தது. தாய் சீக்கிரமே இறந்துவிட்டார்.

1901இல் தந்தை சதாரா மாவட்டத்தில் கோரேகான் என்ற இடத்தில் காசாளராக இருந்தார். அது பஞ்ச காலம். பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காக பம்பாய் அரசு அங்கே ஓர் ஏரியை வெட்டிக்கொண்டிருந்தது. அந்த ஏரி வேலையின் கணக்கைத்தான் ராம்ஜி பார்த்து வந்தார். கோடை விடுமுறையைத் தந்தையுடன் கழிக்க பீமராவும், அவருடைய அண்ணனும், அக்காள் பிள்ளைகள் இருவரும் ரயிலேறினார்கள்.

மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவர்களை அழைத்துப் போக யாரும் வரவில்லை. சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் இரட்டிப்புக் கூலிக்கும் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில் பயணம் தொடங்கியது. கையில் நிறையச் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் கண்ட ஓடையில் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து நாறிக் கிடந்தது. சுங்கச் சாவடியிலும் தண்ணீர் கிடைக்கவில்லை. கட்டிய சோற்றைப் பிரிக்காமலே பிள்ளைகள் பட்டினியோடு படுத்தார்கள்.

மாணவர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஊருக்குத் தண்ணீர் தேக்கும் ஏரி வேலைக்குக் கணக்கு எழுதியவர் ஒரு மகர். அந்த ஏரி இருந்த இடத்துக்குப் போகும் வழியில் அவர் பிள்ளைகளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. நீர்நிலைக்கு உழைப்பது ஒன்று, நீரில் உரிமை பெறுவது வேறு என்பதை அந்தச் சிறுவன் தன் நாக்கு வறண்டு தெரிந்துகொண்டார். வளர்ந்த பிறகு இந்தப் பயணத்தைத் தன் அனுபவக் குறிப்புகளில் அவரே விரிவாக எழுதினார்.

செலவு யாருடையது என்று படித்தவர்

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பொருளாதாரம் படித்தார். பிறகு லண்டனிலும் படித்தார்.

அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி. வரியை யார் வசூலிக்கிறார்கள், செலவு யார் தலையில் விழுகிறது, மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே பணமும் பொறுப்பும் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று 1833 முதல் 1921 வரையிலான வரலாற்றை அதில் அலசினார். 1925இல் அது நூலாக வந்தது.

கேட்க வறட்சியான பொருளாகத் தோன்றலாம். ஆனால் இடிந்த மதகின் முன் நின்று பார்த்தவருக்கு இது வறட்சியான பொருள் அல்ல. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் துறையைக் கை காட்டுவார்கள். துறையில் கேட்டால் நிதி வரவில்லை என்பார்கள். பொறுப்பை ஒருவரிடமும் பணத்தை இன்னொருவரிடமும் வைத்தால் வேலை நடக்காது. அம்பேத்கர் இளம் வயதிலேயே படித்தது இந்தச் சிக்கலைத்தான்.

தீர்மானம் போட்ட நகராட்சி

1923இல் பம்பாய் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் கட்டிய, பொது நிர்வாகத்தில் உள்ள குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் திறக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் பின்பற்றி 1924இல் கொலாபா மாவட்டத்தின் மகாத் நகராட்சி தன் பொறுப்பில் இருந்த சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது.

தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் இறங்க யாருக்கும் துணிவு வரவில்லை. நகராட்சியும் அதற்கு வழி செய்யவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாக மக்களை அழைத்துப் போய் அந்தக் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். மக்களும் அருந்தினார்கள். அன்றே அவர்கள் மீது தாக்குதல் நடந்தது. குளம் தீட்டாகிவிட்டது என்று 108 பானைகளைக் கொண்டு சடங்கு செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் சாதி இந்துக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். பத்தாண்டுகள் இழுத்த அந்த வழக்கில் 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் பக்கம் தீர்ப்பளித்தது. தலித்துகளை விலக்கும் உரிமை தங்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு என்ற வாதம் நிரூபிக்கப்படவில்லை.

மகாத் போராட்டத்தைத் தண்ணீர் உரிமைப் போராட்டம் என்று நாம் சொல்கிறோம். அது சரி. கூடவே அது ஓர் உள்ளாட்சியின் கதையும் ஆகும். ஓர் உள்ளாட்சி நல்ல தீர்மானம் போடலாம். ஊரில் பலமுள்ளவர்கள் முறைத்தால் அதே உள்ளாட்சி பின்வாங்கவும் செய்யும். உள்ளாட்சியின் மீது அம்பேத்கர் வைத்த எச்சரிக்கையான பார்வைக்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

கூலி இல்லாத ஊர் வேலை

மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு வதன் என்று ஒரு முறை இருந்தது. பரம்பரையாகச் சிறு துண்டு நிலமும் தானியமும் உண்டு. அதற்குப் பதிலாக அரசாங்கத்துக்கும் ஊருக்கும் எந்த நேரம் கூப்பிட்டாலும் வேலைக்குப் போக வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் அவர் வீட்டில் இன்னொருவர் போக வேண்டும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இதைத் திருத்தும் மசோதாவை அம்பேத்கர் கொண்டு வந்தார். வேலைக்கு வரையறை வேண்டும், கூலி பணமாக வேண்டும் என்பது அவர் நோக்கம். அப்போது அது நிறைவேறவில்லை. அந்த வதன் முறையைச் சட்டம் ஒழித்தது 1958இல்தான். அப்போது அவர் உயிரோடு இல்லை.

நமக்கு இது அயலூர்க் கதை அல்ல. நம் பகுதி ஏரிகளில் நீர்க்கட்டி, தோட்டி, வெட்டி என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். மதகைத் திறப்பதும் மூடுவதும், வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுவதும், மழை இரவில் கரையைச் சுற்றி வருவதும், ஆபத்து என்றால் பறையடித்து ஊரை எழுப்புவதும் அவர்கள் வேலை. கூலி என்பது அறுவடையின்போது களத்துமேட்டில் அளந்து போடும் நெல். எந்த மடை எப்போது உடையும் என்று ஊரிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள். ஏரி பற்றிய ஊர்க் கூட்டத்தில் உட்கார மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டமும் இருந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஏரிக்கரையோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு அழைக்க அதிகாரிக்கு அது உரிமை கொடுத்தது. வர மறுத்தால் தண்டனை. குடிமராமத்து என்று வழக்கமாகச் செய்துவந்த ஏரி வேலைகளையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது.

குடிமராமத்தை இன்று பலர் பெருமையோடு பேசுகிறார்கள். ஊர் கூடித் தன் ஏரியைத் தானே காத்தது என்கிறார்கள். ஊர் கூடியது உண்மை. யார் மண் சுமந்தார்கள், யார் மேட்டில் நின்று பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெருமை முழுமையாகும். வெள்ளம் வந்தால் யார் உடம்பு கரையில் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சட்டம் எழுதியே வைத்திருந்தது. நிலத்துச் சொந்தக்காரர் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

1943: தாமோதர் கரை உடைந்தது

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பான உறுப்பினராக அம்பேத்கர் நியமிக்கப்பட்டார். இன்றைய கணக்கில் மத்திய அமைச்சர் போன்ற பதவி அது. தொழிலாளர் துறை என்று பெயர் இருந்தாலும் நீர்ப்பாசனம், மின்சாரம், பொதுப்பணி ஆகியவையும் அதற்குள் இருந்தன. 1946 ஜூன் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணி நேரமாகக் குறைக்கும் முயற்சி நடந்த அதே மேசையில்தான் நாட்டின் ஆறுகளும் இருந்தன.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1943 ஜூலையில் வங்காளத்தில் பர்துவான் அருகே தாமோதர் ஆற்றின் இடது கரை உடைந்தது. கிராமங்கள் மூழ்கின. கிராண்ட் டிரங்க் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. கல்கத்தா வட இந்தியாவிலிருந்து தனித்துப் போனது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வங்காளப் பஞ்சம் மக்களைத் தின்றுகொண்டிருந்த ஆண்டும் அதுதான்.

தாமோதர் கரைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டு பக்கமும் கரை எழுப்பி ஆற்றை அடக்கப் பார்த்தார்கள். அடைபட்ட வெள்ளம் மேலும் உயர்ந்தது. 1850களில் பிரிட்டிஷார் ஒரு முடிவு எடுத்தார்கள். ரயில் பாதையும் பெரிய சாலையும் நகரங்களும் இருந்த இடது பக்கத்துக் கரையைக் காப்பாற்ற, வலது பக்கத்துக் கரையை சுமார் 20 மைல் நீளத்துக்கு அகற்றினார்கள். வெள்ளம் வலது பக்கத்துக் கிராமங்கள் மீது போனது. கரை என்பது வெறும் மண் அல்ல. ஒரு பக்கத்தைக் காக்கும் கரை இன்னொரு பக்கத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது. எந்தப் பக்கம் காக்கப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

1943 வெள்ளத்துக்குப் பிறகு வங்காள அரசு விசாரணைக் குழு அமைத்தது. பர்துவான் மன்னர் தலைவர். விஞ்ஞானி மேக்நாத் சாகா ஓர் உறுப்பினர். அமெரிக்காவில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்து வெள்ளத்தையும் மின்சாரத்தையும் பாசனத்தையும் சேர்த்து நிர்வகித்த முன்மாதிரி பேசப்பட்டது. அங்கே பணியாற்றிய பொறியாளர் வூர்டுயின் 1944இல் தாமோதருக்கு ஒரு திட்டம் தயாரித்தார்.

ஆறு அன்றைய பீகாரில் பிறந்தது, வங்காளத்தில் அழித்தது. அணை கட்ட வேண்டிய இடம் ஒரு மாகாணத்தில், பயன்பெறும் இடம் இன்னொரு மாகாணத்தில். 1945 ஜனவரி 3 அன்று கல்கத்தாவில் மைய அரசு, வங்காளம், பீகார் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து அம்பேத்கர் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் மேலும் கூட்டங்கள் நடந்தன. ஆற்றுக்கு மாகாண எல்லை தெரியாது, ஆகவே அதைக் காக்கும் பொறுப்பும் செலவும் ஒரே அமைப்பில் சேர வேண்டும் என்ற பாதையில் அவர் பேச்சுவார்த்தையை நடத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டத்தின் வழியே பிறந்தது. 1945இலேயே நாட்டின் நீர்வழி, பாசனம், கப்பல் போக்குவரத்துக்கான மத்திய ஆணையமும் அவர் காலத்தில் அமைந்தது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் வேர் அது.

கட்டாக்கில் ஒரு புதுப் பார்வை

ஒரிசாவில் மகாநதி வெள்ளம் ஆண்டுக்காண்டு வந்துகொண்டிருந்தது. குழு மேல் குழு போட்டார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த அதிகத் தண்ணீரை எப்படி விரைவாகக் கடலுக்கு அனுப்புவது?

1945 நவம்பர் 8 அன்று கட்டாக்கில் நடந்த கூட்டத்தில் அம்பேத்கர் அந்தக் கேள்வியையே மாற்றினார். தண்ணீர் அதிகம் என்பதை எதிரியாகப் பார்க்கும் சிந்தனை தவறு என்றார். மனிதர் அதிகத் தண்ணீரால் படும் துன்பத்தைவிடத் தண்ணீர் இல்லாமல் படும் துன்பமே பெரிது என்று விளக்கினார். கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது, வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்றார். 1946 மார்ச் 15 அன்று ஹிராகுட் அணைக்கு அடிக்கல் நடப்பட்டது. அணை 1957 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டது. அண்ணல் மறைந்து ஐந்து வாரங்கள் கடந்திருந்தன.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். தாமோதரில் எட்டு அணைகள் கேட்ட திட்டத்தில் முதலில் கட்டப்பட்டவை நான்குதான். கீழ்ப் பகுதியில் வெள்ளம் முற்றாக நின்றுவிடவில்லை. ஹிராகுட் அணைக்காக நூற்றுக்கணக்கான கிராமங்கள் இடம் இழந்தன. வெளியேற்றப்பட்டவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் ஏராளம். நிலப்பத்திரம் இல்லாத கூலிகளுக்கு இழப்பீடும் எட்டாக்கனி. பெரிய அணை கட்டும் அறிவு நாட்டுக்கு வந்த அளவுக்கு, அதனால் வீடிழந்தவர்களைக் காக்கும் அக்கறை வரவில்லை. அண்ணலின் பெயரைச் சொல்லும் நாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசியல் சட்டத்தில் கரை

1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவரானார். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை மாணவர்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலின் 17ஆவது பதிவில் தண்ணீர், பாசனம், கால்வாய், வடிகால், கரைகள், நீர்த்தேக்கம் என்று வரிசையாக இருக்கிறது. கரை என்ற சொல்லே அரசியல் சட்டத்தில் உண்டு. அதே பட்டியலின் 5ஆவது பதிவு உள்ளாட்சி. பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளைப் பற்றி மத்தியப் பட்டியலின் 56ஆவது பதிவு பேசுகிறது. ஆற்று நீர்த் தகராறுகளுக்கு 262ஆவது பிரிவு இருக்கிறது. எந்தக் கரை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாடு தழுவிய பதிலின் அடித்தளம் இது.

கிராமப் பஞ்சாயத்து மட்டும் வரைவில் இல்லை. பலர் குறை சொன்னார்கள். 1948 நவம்பர் 4 அன்று அவையில் பேசும்போது, கிராமங்கள் சாதிக் குறுகலும் அறியாமையும் நிறைந்தவை என்ற கருத்தை அம்பேத்கர் ஒளிவு மறைவின்றி வைத்தார். அதற்கும் முன்பே 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதில் உறுதியான இடம் இல்லாமல் ஊரார் கையில் அதிகாரம் கொடுப்பதை எதிர்த்தார். ஆனாலும் 1948 நவம்பர் 22 அன்று தமிழ்நாட்டைச் சேர்ந்த க. சந்தானம் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டு வந்தபோது அதை ஏற்றுக்கொண்டார். இன்று அது 40ஆவது பிரிவு.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு உயிர் கொடுத்தது. பட்டியலின மக்களுக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 11ஆவது அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை என்று ஊராட்சிக்குரிய பொருள்கள் எழுதப்பட்டன. அதாவது 1932இல் அவர் கேட்ட பாதுகாப்பு அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது. அவர் அஞ்சியதும் பொய்யாகவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் முறையாகப் பதவியில் அமர முடியவில்லை.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் அண்ணல் காலமானார். ஏரி வெட்டும் இடத்துக்குத் தாகத்தோடு போன சிறுவன், அரசியல் சட்டத்தில் கரைக்கும் குளத்துக்கும் பொறுப்பு எழுதிய பிறகு விடைபெற்றார்.

இன்று நம் ஏரிக்கு யார் பொறுப்பு?

இனி வேங்கிக்காலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பொது விதி இதுதான். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சிறு குளம், குட்டைகளைக் கிராம ஊராட்சி பார்க்க வேண்டும். தெரு வடிகால் உள்ளாட்சியின் வேலை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆணையம் பொறுப்பு. அதே சட்டத்தின் 41ஆவது பிரிவு உள்ளாட்சிகளுக்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும் கடமையை விதிக்கிறது. 61ஆவது பிரிவை நம் மக்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, மதம், பால் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதாக எழுந்த புகார்களை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

பொறுப்பு இப்படிப் பல கைகளில் பிரிந்திருப்பதால்தான் ஒவ்வொரு கையும் இன்னொரு கையைக் காட்ட முடிகிறது. ஊராட்சி, மாநகராட்சி என்று எல்லைகள் மாறலாம். மழைத்தண்ணீர் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐவர் குழந்தைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஆற்றோர ஊர்கள் மூழ்கின. எச்சரிக்கை எப்போது, யாருக்கு, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற விவாதம் அதன் பிறகு நடந்தது. இறந்தவர்கள் திரும்பவில்லை.

தாழ்வான இடம், ஓடை ஓரம், கரை அடிவாரம் என்று பல ஊர்களில் யார் வீடுகள் இருக்கின்றன என்று சுற்றிப் பாருங்கள். காலனிக்கு மேட்டில் இடம் கொடுத்த ஊர்கள் குறைவு. கரை உடைந்தால் முதலில் நனைவது நம் வீட்டு அடுப்பு. ஆனால் 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமையும் நீர்ப்பயன்படுத்துவோர் சங்கம் நிலமுள்ளவர்களின் சங்கம். நிலமில்லாதவர் குரலுக்கு அங்கே இடமில்லை. அந்தக் குரலுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு கிராம சபை. நகரப் பகுதியில் அது பகுதி சபை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அக்டோபர் 2 மழைக்கு முன் வருகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. நம் ஏரி எந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது? கரையைக் கடைசியாக எப்போது பலப்படுத்தினார்கள், எவ்வளவு செலவானது? மதகும் கோடியும் பழுதில்லாமல் இருக்கின்றனவா? வரத்துக்காலிலும் உபரிநீர் போகும் கால்வாயிலும் ஆக்கிரமிப்பு உண்டா? மழை இரவில் கரையைப் பார்க்கும் பணியாளர் யார், அவருக்குச் சம்பளமும் விளக்கும் மழைச்சட்டையும் உண்டா? காலனிக்கு எச்சரிக்கை எப்படி வரும், தங்குமிடம் எது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். படிக்கிற பிள்ளைகள் அதைப் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம்.

தண்டோரா போடும் முறையை 2022இல் தமிழக அரசு தடை செய்தது. நல்லது. பறையோடு சேர்ந்து கரைக் காவலின் பழைய கட்டாயமும் போக வேண்டும். அதே நேரம் எந்த மடை எப்போது உடையும் என்று அறிந்த நம் பெரியவர்களின் அறிவு போய்விடக் கூடாது. அந்த அறிவுக்குச் சபையில் நாற்காலி வேண்டும், அந்த வேலைக்குக் கூலி வேண்டும், அந்தப் பொறுப்புக்கு ஒரு துறையின் பெயரும் ஓர் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும்.

இந்த டிசம்பர் 6 அன்று சிலைக்கு மாலை போட்ட பிறகு ஒரு நடை ஏரிக்கரைக்குப் போய் வருவோம். கசிவு இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். அந்தக் குறிப்பை அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போவோம்.